நாலு தரமா, ஐந்து தரமா

காத்தான்குடியில் மரவேலை செய்யும் பக்கீர் ஓடாவிக்கு மூன்று பெண்கள். நடுவிலாள் ஸகியா. வாய் ஓயாமல் பேசுகிறவள், ஒரு கிழமையாக வாய் திறக்கவில்லை. அவள் மகன் றிப்ஷானுக்கும் ஏறாவூர் றுமைஸாவின் மகள் ஸாதியாவுக்கும் கலியாணம் பேசியாயிற்று. பெண்ணுக்கு வீடு கட்டி, தரைக்கு மாபிளும் பதித்தாயிற்று.

"என்ன ராத்தா, நாள் வைக்கக் கேட்டா மூச்சக் காணல்ல? எங்கட ஊட்டுப் புரியாணி கசந்திட்டா?" என்று போனில் சிரித்தாள் சம்பந்தியாகப் போகும் றுமைஸா.

அவளுக்கு ஒன்றும் தெரியாது. சுனாமியில் கடல் ஊருக்குள் வந்த நாளில் அவள் கால் முறிந்து ஆசுபத்திரியில் கிடந்தாள். முகாமில் கைக்குழந்தை ஸாதியா பசியில் கத்த, றிப்ஷானுக்குப் பால் கொடுத்துக்கொண்டிருந்த ஸகியாதான் அவளையும் மார்பில் அணைத்தாள். அடுத்த நாள் முகாமுக்கு மாப்பால் டின் வந்துவிட்டது. ஒரே தாயிடம் ஐந்து தரம் பால் குடித்திருந்தால் மார்க்கப்படி இருவரும் உடன்பிறப்பு, கலியாணம் கூடாது. நாலு தரம்தானே என்று இத்தனை நாளும் மனதை அடக்கி வைத்திருந்தாள். இப்போது அடங்கவில்லை. நௌஷாட் மௌலவியிடம் போனாள்.

"நாலாந் தரம் குடிச்சிட்டிரிக்கக்குள்ள, கடல் திரும்ப வருது எண்டு சத்தம், ஹசரத். புள்ளயத் தோள்ல போட்டுட்டு ஓடினன். மறுகாவும் குடுத்தன். அது ஒண்டா, ரெண்டா?"

"அத அளக்கக் கோல் இல்ல, தாய். சனம் எத ஒரு தரம் எண்டு செல்லுமோ அதுதான் ஒரு தரம்."

"அப்ப மனிசர்ர பேச்சுத்தானா? பால் எப்பவோ செரிச்சுப் போயிட்டே!"

"புருசன் பொண்சாதி எண்டுறதையும் கையால தொட்டுக் காட்ட ஏலாது. அதுக்காக அது பொய்யா? நாம எப்படி நடக்கணும் எண்டு அதுதானே செல்லுது. எவ்வளவு நேரம் இடையில?"

கொஞ்ச நேரம் என்று சொல்லிவிட்டால் கலியாணம் நடக்கும். ஸகியா முந்தானையைத் திருகினாள்.

"மத்தியானத்திலரிந்து பின்னேரம் அஸர் பாங்கு சொல்ற வரைக்கும் பள்ளி மாடியில நிண்டம். புள்ள தோள்லயே நித்திரையாகிட்டு. எழும்பி அழுதாப் பிறகுதான் குடுத்தன்."

மௌலவி பதில் சொல்லுமுன் ஸகியாவே முந்திக்கொண்டாள்.

"வேற பொம்புள வந்து கேட்டா, ரெண்டு எண்டுதான் செல்லுவன், ஹசரத்."

அங்கிருந்தே ஏறாவூருக்கு பஸ் ஏறினாள். "வாங்க மாமி!" என்று ஸாதியா ஓடி வந்து கையைப் பிடித்தாள்.

"மாமி எண்டு கூப்பிடாத, மகள்."

"மறுகா உம்மா எண்டா கூப்பிட?" பெண் வெட்கத்தோடு சிரித்தாள்.

புது மாபிளில் கால் வைக்காமல் வாசலிலேயே நின்றாள் ஸகியா.

"ஓம்," என்றாள். "றுமைஸாவக் கூப்பிடு."