மணிக்கு வைத்த பொட்டு

எங்கள் வீட்டு நாய் மணி செத்த பிறகுதான் நிறையச் சேட்டை செய்தது. உயிரோடு இருந்தவரை, அறுத்த வயலில் வாத்துக்கூட்டத்தை மேய விட்டாலே வாலை மடக்கிக்கொண்டு கட்டிலுக்கடியில் போய்விடும். அப்படிப்பட்டது, செத்து இரண்டு வாரத்தில், ஒரு கூட்டம் வாத்தை வாய்க்கால் வரைக்கும் விரட்டிக்கொண்டு போனதாக அம்மா போனில் சொன்னாள். பக்கத்தில் நின்ற நான் வாயைப் பிளந்துகொண்டு கேட்டேன். அப்போது நான் மூன்றாம் வகுப்பு.

போனின் அந்த முனையில் குவைத்திலிருந்த அப்பா. வெள்ளிக்கிழமைதோறும் பேசுவார். மணி அவர் தூக்கிவந்து வளர்த்த நாய். அறுப்புச் சமயத்தில் பாம்பு கடித்து அது செத்துப்போனதை அவரிடம் சொல்ல அம்மாவுக்கு மனசு வரவில்லை. தனியாகக் கிடக்கிற மனுஷன், நேரில் வரும்போது பக்குவமாகச் சொல்லிக்கொள்ளலாம் என்று என்னிடமும் சத்தியம் வாங்கிக்கொண்டாள். அப்பாவோ எடுத்த எடுப்பில் மணியைத்தான் விசாரிப்பார். அம்மாவும் வாராவாரம் ஒரு கதை சொல்வாள். அடுத்த வாரம் அது என்ன செய்யப் போகிறதோ என்று நான் காத்துக்கிடப்பேன்.

அப்பாவுக்கு லீவு கிடைத்ததும் அம்மா யோசிக்க ஆரம்பித்தாள். வெறுங்கையோடு எப்படிச் சொல்வது, முகத்தையாவது காட்ட வேண்டாமா? மணிக்கு ஒரு போட்டோகூடக் கிடையாது. கும்பகோணத்தில் கையால் படம் வரைகிற ஒருவரிடம் என்னையும் இழுத்துக்கொண்டு போனாள். அவர் வரைகிறவர்கள் எல்லோரும் காலமானவர்கள்தான். நெற்றியில் பொட்டு வைத்து, கண்ணாடி போட்டு, அப்படியே சுவரில் மாட்டுகிற மாதிரி கொடுத்துவிடுவார்.

நாய் என்று அம்மா தெளிவாகத்தான் சொன்னாள். போட்டோ இல்லை என்றதும் அவருக்கு வாயில் பழகின வார்த்தை வந்துவிட்டது. "பரவாயில்லம்மா. மகன் யாராவது அவர் ஜாடையில இருந்தா கூட்டிட்டு வாங்க, எதிர்ல உட்கார வச்சு வரைஞ்சுடலாம்."

அம்மா சிரிக்கவில்லை. "டீக்கடையில ஒருத்தன் இருக்கான்," என்றாள்.

உண்மைதான். பக்கத்து ஊர் டீக்கடையில் வளர்ந்த மணியின் குட்டி, அப்பனை உரித்து வைத்திருக்கும். டவுன்பஸ்ஸில் கண்டக்டர் ஏற்ற மாட்டேன் என்றுவிட்டதால் ஆட்டோவில் கொண்டுபோனோம். ஓவியர் அதற்கு ரஸ்க் போட்டுப் போட்டு உட்கார வைத்து வரைந்தார். நடுநடுவே அம்மாவிடம் விசாரணை வேறு. பெரியவருக்கு மீசை நரைத்திருந்ததா? காது இரண்டும் தூக்கலா, ஒன்று மடிந்திருக்குமா? அம்மா கண்ணை மூடி யோசித்து யோசித்துப் பதில் சொன்னாள். குட்டியின் முகத்திலிருந்து மணி கொஞ்சம் கொஞ்சமாக வெளியே வருவதை நான் நகராமல் பார்த்தேன்.

அப்பா வருவதற்கு முதல் நாள்தான் படம் கைக்கு வந்தது, நியூஸ்பேப்பரில் சுற்றி. வீட்டில் வந்து பிரித்தால் அச்சு அசல் மணி. நெற்றியில் மட்டும் சிவப்பாக ஒரு குங்குமப் பொட்டு. மனுஷருக்குக் கைப்பழக்கம், வைத்துக் கண்ணாடியும் போட்டுவிட்டார். அம்மா தலையில் அடித்துக்கொண்டாள். பொட்டைப் பார்த்தாலே விஷயம் தெரிந்துவிடும், அப்புறம் பக்குவமாவது ஒன்றாவது. படத்தைப் பீரோவுக்குப் பின்னால் சொருகிவிட்டாள்.

மறுநாள் காலையில் அப்பா வந்தார். காபி குடித்தார். எல்லாரையும் விசாரித்தார், மணியை மட்டும் கேட்கவில்லை. கேட்காதவரிடம் எப்படி ஆரம்பிப்பது என்று அம்மா முழித்தாள். எனக்கு இருப்புக்கொள்ளவில்லை. படத்தை இழுத்து வந்து அப்பா மடியில் வைத்துவிட்டேன். அம்மா முகத்தில் ஈயாடவில்லை.

அப்பா கண்ணாடிக்கு மேல் விரலை வைத்து மணியின் காதைத் தடவினார். கண் கலங்கிவிட்டது. "அறுப்பு முடிஞ்ச வாரமே தெரியும்," என்றார். "எப்பப் பேசினாலும் பின்னாடி குலைச்சுக்கிட்டே கிடக்கும். அன்னையிலேருந்து சத்தமே இல்ல."

"தெரிஞ்சுக்கிட்டே ஏன் வாராவாரம் கேட்டீங்க?" என்றாள் அம்மா.

"வேற எதைக் கேட்டாலும் உரம், ஸ்கூல் பீஸ், ஆத்துல தண்ணி வந்துச்சா வரலையான்னு ரெண்டு நிமிஷத்துல போனை வச்சுடுவ. அவனைக் கேட்டாதான் கொஞ்ச நேரம் பேசின. சிரிச்சுப் பேசின."

அம்மா எழுந்து அடுப்படிக்குள் போனாள். அப்பாவும் படத்தைக் கீழே வைத்துவிட்டுப் பின்னாலேயே போனார். எனக்கு வந்ததே கோபம்! செத்த நாயை விசாரித்த நேரத்தில் உயிரோடிருக்கிற என்னை விசாரித்திருக்கலாமே. சத்தியம் காத்த நான் ஒருத்தி மடச்சி, இவர்கள் இரண்டு பேரும் பெரும் புளுகர்கள் என்று கூடத்தில் தனியாக உட்கார்ந்து பொருமினேன். உள்ளே ஒரு பாத்திரச் சத்தமும் இல்லை. பசியில் எனக்குக் கண் இருட்டியது. வெறும் சோறும் ரசமும் வைக்க அன்றைக்கு ஏன் அவ்வளவு நேரமாயிற்று என்று எனக்கு விளங்கவே இல்லை.