தண்ணீர் குடிக்காத ஓட்டக்காரிகள்

சென்ற வருடம் கண்டியில் பாடசாலைகளுக்கிடையே விளையாட்டுப் போட்டி. ஆயிரத்தைந்நூறு மீட்டர் ஓடவிருந்த என் மகளோடு, மஹய்யாவயிலிருந்து காலையிலேயே மைதானத்துக்குப் போய்விட்டேன். வெயில் என்றால் அப்படி ஒரு வெயில்! ஒலிபெருக்கியில் ஒருவர், பிள்ளைகளே தண்ணீர் குடியுங்கள், உடம்புக்கு நீர்ச்சத்து முக்கியம் என்று ஓயாமல் பாடம் நடத்திக்கொண்டிருந்தார்.

கடைசிச் சுற்றில் முதலாவதாக வந்துகொண்டிருந்த என் பிள்ளை, கால் பின்னிச் சுருண்டு விழுந்தாள். ஓடிப்போய்த் தூக்கினேன். முதலுதவிக் கூடாரத்தில் அவள் கண் திறந்ததுமே, போட்டிக்குப் பொறுப்பான ஆசிரியர் என்மேல் பாய்ந்தார்.

"என்னம்மா, புள்ளைக்கு ஒரு போத்தல் தண்ணி குடுத்துவிட மாட்டீங்களா?"

அவள் பையைத் திறந்து காட்டினேன். உப்பும் சீனியும் தேசிக்காய்ச் சாறும் கலந்து நான் கொடுத்த போத்தல் கழுத்துவரை அப்படியே இருந்தது. ஏன்டி குடிக்கவில்லை என்று கேட்டேன். காதோடு சொன்னாள்: "குடிச்சா போகணும்மா. கக்கூஸ பூட்டி வச்சிருக்காங்க."

சுற்றி நின்ற பிள்ளைகளும் தலையாட்டினார்கள். தெல்தோட்டையிலிருந்து விடியுமுன் பஸ் ஏறி வந்தவர்கள்கூட ஒரு மிடறு குடிக்கவில்லையாம். பையன்கள் மதிலோரம் ஒதுங்கிவிடுவார்கள். இவர்கள் எங்கே போவது? கதவுள்ள கழிவறை அங்கே அது ஒன்றுதான்.

ஆசிரியரைக் கேட்டால், "சீஃப் கெஸ்ட் வர்றாரும்மா. கழுவி வச்சிருக்கோம், இதுங்க போனா நாறிடும்" என்கிறார். அடப்பாவமே, பெற்ற பிள்ளைகளைவிட ஒரு வெள்ளைப் பீங்கான் பெரிதா? எனக்கு எங்கிருந்துதான் அவ்வளவு கோபம் வந்ததோ!

"சாவிய குடுங்க சேர். இல்லாட்டி அந்த மைக்க குடுங்க, இத நான் எல்லாருக்கும் சொல்றேன்" என்று கத்தினேன். சாவி உடனே வந்தது.

பிள்ளைகள் வரிசை கட்டினார்கள். வெளியே வந்த ஒவ்வொருத்தியும் நேரே போத்தலை எடுத்து மடக் மடக்கென்று குடித்ததைப் பார்க்க எனக்கு அழுகையே வந்துவிட்டது. விருந்தினர் வந்தபோதும் வரிசை முடியவில்லை. அந்தப் பெரிய மனிதரும் கழுத்தில் மாலையோடு கடைசியில் நின்றார். அவருக்கு ஒன்றும் குறைந்துவிடவில்லை.

வருடம் முழுக்கப் பழகிய ஓட்டம். என் மகளுக்குப் பதக்கம் போனது போனதுதான். இன்றும் யாராவது பிள்ளைகளைத் தண்ணீர் குடிக்கச் சொல்லிப் புத்தி சொன்னால் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது: முதலில் அந்தக் கதவைத் திறந்துவிட்டு வந்து பேசுங்கள்.