காலிக் கூடை

காட்டுமன்னார்கோயில் போகும் டவுன் பஸ், சிதம்பரத்தில் கிளம்பும் முன்பே நிரம்பிவிட்டது. பெண்கள் பக்கத்தில், மூன்று பேர் இருக்கையில் நாலாவதாக என்னருகே ஓர் அம்மா உட்காருகிறார். "கொஞ்சம் அட்ஜஸ்ட் பண்ணிக்குங்க."

ஓட்டுநர் கண்ணாடியை அட்ஜஸ்ட் பண்ணுகிறார். மூட்டையோடு ஏறியவரிடம் கண்டக்டர், "சீட்டுக்கடியில அட்ஜஸ்ட் பண்ணி வையி" என்கிறார். இந்த ஓர் ஆங்கிலச் சொல் இல்லாவிட்டால் நம் ஊரில் பஸ்ஸே ஓடாது போலிருக்கிறது.

அம்மாவின் மடியில் பெரிய ஒயர்கூடை.

"எங்கம்மா போறீங்க?"

"பொண்ணு வூட்டுக்கு."

பெண்ணைக் கொடுத்த வீட்டுக்கு யாரும் வெறுங்கையோடு போவதில்லை. இவர் கூடையில் ஒரு சீப்பு வாழைப்பழம்கூட இல்லை. நான் பார்ப்பதைக் கவனித்துவிடுகிறார்.

"அவ துணிமணிய வைக்கத்தான் காலியா எடுத்துக்கினு போறேன். மாப்பிள்ள அடிக்கிறாரு. அட்ஜஸ்ட் பண்ணிக்கன்னு அவுங்கப்பா, மாமா எல்லாரும் சொல்லிப் பாத்துட்டாங்க. பட்டது போதும். கூட்டியாரப் போறேன்."

அடுத்த நிறுத்தத்தில் ஏறிய பெண் எங்களிடம் வந்து, "கொஞ்சம் அட்ஜஸ்ட் பண்ணுங்கக்கா" என்கிறாள். பழக்கத்தில் அந்த அம்மா உடம்பை ஒடுக்குகிறார்.

"நீங்க நல்லா உக்காருங்கம்மா" என்று சொல்லிவிட்டு நான் எழுந்துகொள்கிறேன்.