முத்தம்மாவின் பெயர் நீக்கம்

தேனாம்பேட்டை ஆபீஸில் பத்ரிநாராயணனைப் பற்றி ஒரு கேலி உண்டு. சுவர்க் கடிகாரம் நின்றுபோனால், அவர் உள்ளே நுழையும் நேரம் பார்த்து முள்ளைத் திருப்பி வைத்துக்கொள்ளலாம் என்பார்கள். மேற்கு மாம்பலத்திலிருந்து பஸ் ஏறி, ஆபீஸ் தொடங்குமுன்பே வந்து உட்கார்ந்துவிடும் சூப்பிரண்டு அவர். மேஜையில் ஒரு கோப்பும் தங்காது. யாருக்கும் சலுகை காட்டமாட்டார், தனக்கும்தான்.

அவருக்குத் தீராத எரிச்சல் ஒன்று இருந்தது. வருகைப் பதிவேட்டை அதிகாரி அறைக்கு அனுப்பும் நேரத்தில், "முத்தம்மா வந்துடட்டும் சார்" என்று யாராவது கெஞ்சுவார்கள். ரெக்கார்டு கிளார்க் முத்தம்மா பட்டினப்பாக்கத்துக்காரி. புருஷன் கடலுக்குப் போய்த் திரும்பாதவன். விடியலில் அம்மாவின் மீன்கூடையை மார்க்கெட்டில் இறக்கிக் கொடுத்துவிட்டு, வீட்டுக்குப் போய்க் குளித்து, பிளஸ் டூ படிக்கும் மகளைப் பள்ளிக்கு அனுப்பிவிட்டு ஓட்டமும் நடையுமாக வருவாள். அதுவரை பதிவேடு காத்திருக்கும்.

"நேரத்துக்கு வந்தவன் என்ன இளிச்சவாயனா? ஒரு கண்ணுல வெண்ணெய், இன்னொரு கண்ணுல சுண்ணாம்பா?" என்று பத்ரிநாராயணன் ஒருநாள் கத்தினார். கத்தியதோடு நிற்காமல், முகம் பார்த்து வருகை பதியும் மெஷின் வேண்டுமென்று மேலிடத்துக்கு எழுதியும் போட்டார்.

மெஷின் வந்தது. கூடவே புது விதியும் வந்தது. ஐந்து நிமிஷம், பத்து நிமிஷம் என்ற பேச்சே கிடையாது. மூன்று முறை தாமதமானால் ஒரு நாள் விடுப்பு போச்சு. விதி எல்லோருக்கும் ஒன்றுதானாம். மேலதிகாரிகளுக்கு மட்டும் விலக்கு. அவர்கள் முகத்தை எந்த மெஷின் பார்க்கும்! பத்ரிநாராயணனுக்கு அது உறுத்தத்தான் செய்தது. ஆனால் கேட்டு வாங்கியவர் வாயைத் திறக்க முடியுமா?

ஆபீஸே முணுமுணுத்தது. முத்தம்மா மட்டும், "சாரு சொல்றது நாயந்தானே. நாந்தான் சீக்கிரமா கெளம்பணும்" என்றாள்.

அந்த வருஷம் நல்ல மழை. ஒரு காலை, பத்ரிநாராயணன் ஜன்னலோரம் நின்றிருந்தார். எதிர்ப்பக்கம் பஸ்ஸிலிருந்து இறங்கிய முத்தம்மா சிக்னல் மாறும்வரை நிற்கவில்லை. குடையை மடக்கிக்கொண்டு ஓடினாள். பாதி சாலைகூடத் தாண்டவில்லை, ஒரு வேன் அடித்துவிட்டது. ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியிலேயே உயிர் போய்விட்டது.

அதற்குப் பிறகு அவர் அந்த ஜன்னலை மூடியே வைத்தார். அப்படியும் யாராவது மாடிப்படியில் வேகமாக ஏறி வந்தால், "மெதுவா, மெதுவா" என்று எழுந்து வாசலுக்கே வந்துவிடுவார்.

"ரூல் போட்டது கவர்மெண்ட். நீங்க ஏன் இப்படி உங்களையே வதைச்சிண்டு இருக்கேள்?" என்றாள் மனைவி காமாக்ஷி.

"கேட்டது நான்தானே."

மெஷினிலிருந்து முத்தம்மாவின் பெயரை நீக்கவேண்டியது அவர் வேலை. ஒரு கோப்பையும் தங்கவிடாத மனுஷர் அதை மட்டும் தொடவில்லை. இன்னொரு முறை அவளைச் சாகடிப்பதுபோல இருந்தது அவருக்கு. மெஷினும் விடாமல் தினம் சாயங்காலம் சொல்லிக்கொண்டே இருந்தது: முத்தம்மா, வரவில்லை.

இரண்டு வருஷம் அலைந்து, கருணை அடிப்படையில் வேலை வாங்கிக்கொண்டு மகள் கயல் வந்து சேர்ந்தாள். முகத்தைப் பதிவதற்காக பத்ரிநாராயணன் அவளை மெஷின் முன்னால் நிறுத்தினார். அவர் எதையும் தொடுவதற்குள் பச்சை விளக்கு எரிந்தது. திரையில் பழைய போட்டோ; கீழே எழுத்து: 'முத்தம்மா. வருகை பதிவானது.'

அவருக்கு உடம்பெல்லாம் சிலிர்த்தது. அதே நெற்றி, அதே கண்கள்.

கயல் திரையையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு கேட்டாள். "அம்மா பேர எடுத்தாதான் என் பேரு ஏறுமா சார்?"

"ஆமாம்மா." பொத்தானை அழுத்தப் போன கையை அவர் இழுத்துக்கொண்டார். "வேண்டாம். உனக்குப் பதிவேட்டுல கையெழுத்து போதும்னு மேல எழுதறேன். நீ மெதுவாவே வா. அவசரமே இல்ல."

சர்வீஸில் அவர் காட்டிய முதல் சலுகை அது.

"எனக்கு மட்டும் இன்னாத்துக்கு சார் தனியா?" என்றாள் கயல். "அம்மா உங்களப் பத்தி ஒண்ணுதான் சொல்லும். பத்ரி சாரு நாயமான மனுசன், அவரு முன்னால தலகுனிஞ்சு நிக்கக் கூடாதுன்னு. அன்னிக்கும் அதச் சொல்லிக்கினேதான் வூட்டாண்டேர்ந்து ஓடுச்சு. எடுத்துடுங்க சார்."

அவர் எடுத்தார். கயலின் பெயர் ஏறியது.

மறுநாள் காலை பத்ரிநாராயணன் வந்தபோது ஆபீஸ் இன்னும் திறக்கவில்லை. பூட்டிய கதவுக்கு வெளியே ஈரத்தலையோடு கயல் நின்றிருந்தாள். ஓடிவந்த மூச்சிரைப்பு இன்னும் அடங்கவில்லை.