மேபிள்ட பேர் ஓடின கேபிள்

கேபிள்காரனுக்குப் புகழ் கிடையாது. படம் தெரிஞ்சா டீவிக்குப் பெருமை, தெரியாட்டி அவனுக்கு ஏச்சு. வாடிக்கையாளரோட மாரடிச்ச ஆக்களுக்கு இது சொல்லாமலே விளங்கும். கல்லடியில இருந்து காத்தான்குடி வரைக்கும் தென்னைக்குத் தென்னை கம்பி இழுத்தவன் நான். இப்ப "டிஷ்ஷா, பைபரா, எது நல்லம்?" எண்டு என்னட்டக் கேக்கிறாங்க. கேளுங்க, சொல்றன்.

இறுக்கின முடிச்சு

நாவற்குடாவில ஒரு டீச்சர் வீட்டில ஒரு நாள் நாடகம் துவங்கின கையோட படம் போயிட்டு. மூண்டு தரம் போய் டீவியப் பிரிச்சுப் பாத்தன், ஒரு பிழையும் இல்ல. நாலாந்தரம் மரத்தில ஏறினன். தேங்காய் பறிக்க வந்தவர் கம்பிய வெட்டிப்போட்டு, ரெண்டு நுனியையும் கயிறு மாதிரி முடிஞ்சு வெச்சிருக்கார்! கேட்டா அவருக்குக் கோவம்.

"நல்லா இறுக்கித்தானே கட்டின நான், இனி ஜென்மத்துக்கும் அறாது!"

மேல் மாடி, கீழ் மாடி

காத்தான்குடியில புடவைக்கடை வெச்சிருந்த முஸ்லிம் அண்ணன் ஒருத்தர், காக்கா எண்டுதான் கூப்பிடுவம், டிஷ் வந்ததும் மேல் மாடிக்கு அதையும் பூட்டினார். கேபிளையும் கழட்ட விடல்ல. எங்கட கம்பியில கிரிக்கெட் ரெண்டு மூண்டு செக்கன் முந்தி வரும். ஏன் காக்கா ரெண்டு செலவு எண்டு கேட்டன்.

"கீழ கேபிள்ள அவுட்டப் பாத்திட்டு மேல கத்திச் சொன்னா, மச்சான்மாரெல்லாம் என்னப் பெரிய கிரிக்கெட் மூளை எண்டு நினைக்கானுகள் தம்பி."

ஓடுற எழுத்து

எங்கட கேபிளுக்கு ஒரு விசேசம் இருந்திச்சு. படத்துக்கு அடியில எழுத்து ஓடவிடுவம்: செத்தவீடு, பிறந்தநாள், காணாமப்போன மாடு. சுனாமிக்குப் பிறகு மிஞ்சின வீடுகளுக்கு லைன் குடுத்ததும், காணாமப்போன ஆக்கள்ட பேரை ஓடவிட்டன்.

தச்சுவேலை செய்யிற வின்சன்ட் அண்ணன், வெள்ளைக்காரர் வழிவந்த பறங்கி ஆள், பேர் எழுதின ஒரு துண்டு கொண்டுவந்து தந்தார். அவர்ட மனிசி மேபிள், நத்தார்ப் பெருநாளுக்கு அடுத்த நாள், சுனாமி வந்த அண்டு, கல்லடிக் கரையில இருந்த தங்கச்சி வீட்டுக்குக் கேக் குடுக்கப் போனவ, திரும்பல்ல. நாள் போகப் போக மத்தச் சனமெல்லாம் வந்து, பேரை எடுக்கச் சொல்லிட்டு அழுதுகொண்டு போச்சுதுகள். அவர் மட்டும் வரல்ல. எடுக்கட்டா அண்ணன் எண்டு நானே போய்க் கேட்டன். ஏன்டா கேட்டம் எண்டு ஆயிட்டு.

"கிடக்கட்டும் மனே. அவ எங்கயாவது ஒரு வீட்டில இருந்து டீவி பாத்தாலும் பாப்பா."

ஒப்பீடு

நாட்டில சண்டை முடிஞ்சு பாதை திறந்ததும் வீட்டுக்கு வீடு டிஷ். மறுகா பைபர். ஒவ்வொருத்தராக் கம்பியக் கழட்டினாங்க. கடைசியில வின்சன்ட் அண்ணன் வீட்டுக்கு மட்டும்தான் என்ட கேபிள் மெசின் ஓடிச்சு. பொய் சொல்லப்படாது, எனக்கும் அலுத்துப்போச்சு. பைபர் கொம்பனிக்கே ஆள் பிடிக்கிற வேலைக்குப் போயிட்டன்.

அவர்ட்டயும் பைபர் எடுக்கிற ஃபோம் கொண்டுபோனன். படம் கண்ணாடி மாதிரித் தெரியும், மழைக்கு நிக்காது, வெளிநாட்டில இருக்கிற மகள்ட முகத்தப் பாத்துக் கதைக்கலாம் எண்டெல்லாம் சொன்னன். எல்லாத்துக்கும் ஓம் ஓம் எண்டு தலையாட்டினார். பேனையையும் கையில எடுத்திட்டார்.

"அதில மேபிள்ட பேர் ஓடுமா மனே?"

ஆனபடியா, பைபர்தான் நல்லம் எண்டு ஊரெல்லாம் வித்துத் திரியிற நான், ஒரேயொரு வீட்டுக்கு இன்னும் கேபிள்காரன்தான்.