மெனுவில் தொலைந்த விண்ணப்பம்

செல்வி சின்னாளப்பட்டியில் தறி நெய்கிற குடும்பத்துப் பெண். ஒன்பதாவதோடு பள்ளியை விட்டவள். பத்தாம் வகுப்புத் தேர்வைத் தனியாக எழுத விண்ணப்பிக்கும் கடைசி நாள் முடிந்த மறுநாள் காலை எங்கள் அலுவலகத்துக்கு வந்தாள்.

"பிரௌசிங் சென்டர்ல ஒரு மணி நேரம் தேடுனேன் மேடம். அந்த ஃபார்ம் உங்க வெப்சைட்ல இல்லவே இல்ல."

இரண்டாயிரத்தின் தொடக்க வருடங்கள் அவை. படிப்பை இடையில் விட்டவர்களுக்காகத் திண்டுக்கல்லில் இயங்கிய ஒரு பொதுக் கல்வி நிறுவனத்தில் கம்ப்யூட்டர் பிரிவு என் பொறுப்பு. அந்த வெப்சைட் என் கைவேலை. குறை சொன்னால் சும்மா இருப்பேனா? அவளைப் பக்கத்தில் உட்காரவைத்து, 'தொடர்கல்விப் பிரிவு', அதற்குள் 'திட்டங்கள்', அதற்குள் 'படிவங்கள்' என்று மூன்றே கிளிக்கில் எடுத்துக் காட்டினேன்.

"இருக்கு பாத்தியா?"

"தொடர்கல்வின்னா அது நான்தான்னு எனக்கு எப்படி மேடம் தெரியும்?"

எங்கள் நிறுவன டைரக்டரை விட்டே தேர்வு அலுவலகத்தில் பேச வைத்தேன். நாள் முடிந்தது முடிந்ததுதான் என்றார்கள். அவள் அழவில்லை. "அடுத்த தடவ எழுதிக்கிறேன்" என்று சொல்லிவிட்டு பஸ்ஸுக்குப் போனாள். அன்று மதியம் நான் அந்த மெனுவை முதலிலிருந்து படித்துப் பார்த்தேன்.

சீட்டுக்கட்டு

எந்தத் தகவல் எங்கே, எந்தப் பெயரில் இருக்க வேண்டும் என்று திட்டமிடுவதை எங்கள் தொழிலில் இன்ஃபர்மேஷன் ஆர்க்கிடெக்சர் என்பார்கள். நான் அலுவலகத்தின் பிரிவுகளை அப்படியே மெனுவாக்கிவிட்டு அதைத்தான் ஆர்க்கிடெக்சர் என்று நினைத்திருந்தேன்.

சைட்டின் ஒவ்வொரு பக்கத்தின் விஷயத்தையும் ஒரு சீட்டில் எழுதினேன். அந்தக் கட்டோடு எங்கள் வகுப்புகள் நடந்த ஊர்களுக்குப் போனேன். "எதெது ஒண்ணா இருக்கணுமோ சேத்து வைங்க. பேரும் நீங்களே வைங்க" என்றேன். சின்னாளப்பட்டியில் செல்வியும் உட்கார்ந்து அடுக்கினாள். அடுத்த தேர்வை எழுதி அவள் பாஸ் செய்தாள் என்பதையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன்.

ஒட்டன்சத்திரம் மார்க்கெட்டில் லோடு ஏற்றும் ஒருவர், சான்றிதழின் நகல் பெறுவது பற்றிய சீட்டைத் தனியாக எடுத்து வைத்தார். எந்தப் பிரிவு என்று கேட்டேன்.

"ஏனுங்க, பிரிவெல்லாம் நமக்கு எப்படீங்க தெரியும்? சர்டிபிகேட் தொலஞ்சு போச்சுங்க. அம்புட்டுத்தான் தெரியும்."

அவர் சொன்னதையே தலைப்பாக்கினேன்: 'சான்றிதழ் தொலைந்துவிட்டதா?' அதன் பிறகு மற்ற தலைப்புகளும் வந்தன: 'பள்ளியை விட்டுவிட்டேன், படிக்க வேண்டும்', 'தேர்வு எழுத வேண்டும்'.

மீட்டிங்

புதிய மெனுவைப் பார்த்ததும் பிரிவுத் தலைவர்கள் கொதித்துப்போனார்கள். பயிற்சிப் பிரிவுத் தலைவர் எழுந்தே விட்டார்.

"எத்தன வருஷமா இருக்கற பிரிவு! அதத் தூக்கிட்டு, பெட்டிக்கடை போர்டு மாதிரி என்னம்மா எழுதி வச்சிருக்க?"

டைரக்டரும் அவர் பக்கம்தான் சாய்ந்தார். என் வேலை அத்தனையும் அந்த அறையிலேயே முடிந்துவிடும் போலிருந்தது. பயிற்சிப் பிரிவுத் தலைவரிடம் சொன்னேன்: "சார், ஒரே ஒரு தடவ. பழைய சைட்ல உங்க பிரிவோட பயிற்சி விண்ணப்பத்த நீங்களே எடுத்துக் காட்டுங்க."

கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்தார். கிளிக் செய்தார். ஆண்டு விழா போட்டோக்கள் வந்தன. திரும்பிப் போய் வேறொன்றைத் தட்டினார். மறுபடியும் அதே போட்டோக்கள். யாரோ சிரித்தார்கள்.

"செத்த நேரம் இருங்க, இங்கனதான் இருந்துச்சு..."

"போதும்யா, எந்திரிங்க" என்றார் டைரக்டர். "புதுசுல அது எங்கம்மா இருக்கு?"

நான் மவுஸைத் தொடவில்லை. டைரக்டர் பக்கம் நகர்த்தினேன். அவர் தலைப்புகளை வாய்விட்டுப் படித்தார், இரண்டு முறை தட்டினார். விண்ணப்பம் திரையில் வந்து நின்றது.

"சரி, பெட்டிக்கடை போர்டாவே இருந்துட்டுப் போகட்டும்" என்றார்.

அதற்குப் பிறகு நான் செய்த ஒவ்வொரு சைட்டுக்கும் முதலில் அலுவலகத்தை விட்டு வெளியே போனேன். தேடி வருகிறவர் என்ன வார்த்தையோடு வருகிறாரோ, அந்த வார்த்தைதான் வாசலில் இருக்க வேண்டும். இந்தத் தொழிலில் நான் கற்றது அதுதான்.

புதிய மெனு போட்ட பிறகு வந்த முதல் விண்ணப்ப சீசனில், ரிசப்ஷனில் இருந்த ஸ்டெல்லா அக்கா என்னைக் கூப்பிட்டார். அந்த நாட்களில் வழக்கமாக அவருக்கு ரிசீவரைக் கீழே வைக்க நேரம் இருக்காது, எல்லாம் "ஃபார்ம் எங்க இருக்கு?" என்று கேட்கிறவர்கள்தான்.

"ஏத்தா, லைன் செத்துப் போச்சான்னு பாரு. காலையில இருந்து ஒருத்தரும் கூப்புடல."

வாங்கிக் காதில் வைத்தேன். டயல் டோன் நன்றாகவே கேட்டது. அதைக் கொஞ்ச நேரம் கேட்டுக்கொண்டே நின்றேன்.