விழுந்தால் என் கண் முன்னால் விழட்டும்

ஆண்டவருக்குள் பிரியமான நம் அன்பிய ஜெபக்கூட்டத்து உறவுகளே, நின்று பேசினால் கோபத்தில் எனக்கு வார்த்தை வராது. அதனால் எழுதிக்கொண்டு வந்து வாசிக்கிறேன். போன மாதக் கூட்டத்தில் என் நாத்தனார் பெரியநாயகி அண்ணி இதே இடத்தில் நின்று, "எந்தம்பி பொழச்சதுக்குக் காரணம் ஜெபமும் நான் குடுத்த பொடியும்தான்" என்று சாட்சி சொன்னார். நீங்கள் எல்லாரும் கைதட்டினீர்கள். நானும் பாயில்தான் உட்கார்ந்திருந்தேன். நான் தட்டவில்லை. ஜெபம் என்றது உண்மை. பொடி என்றது பொய். ஆண்டவர் செய்ததைக் கொண்டுபோய் ஒரு பொடி டப்பாவுக்குக் கொடுத்தால் என்னால் பொறுத்துக்கொள்ள முடியாது.

மாரண்டஹள்ளிப் பக்கம் எங்களுக்குத் தக்காளித் தோட்டம். போன வருடம் அறுப்பு நேரத்தில் தக்காளிப் பெட்டியைத் தூக்கி வண்டியில் ஏற்றிய என் வீட்டுக்காரர் அருளப்பன், நெஞ்சு படபடக்கிறது என்று வரப்பிலேயே உட்கார்ந்துவிட்டார். நான் அவர் நெஞ்சில் காதை வைத்துக் கேட்டேன். பட்டை நழுவிய மோட்டார் மாதிரி கொஞ்சம் வேகமாக ஓடியது, நின்றது, மறுபடி ஓடியது. எனக்கு ஈரக்குலை நடுங்கிவிட்டது. காரணம் இருக்கிறது. என் மாமனாரும் நல்ல திடகாத்திரமான ஆள்தான். ஒருநாள் கொல்லையில் தனியாக விழுந்தார். யாரும் பார்க்கவில்லை. நாங்கள் தேடிப் போனபோது உடம்பு சில்லென்று இருந்தது.

தர்மபுரி பெரிய ஆஸ்பத்திரியில் ஈசிஜி எடுத்தார்கள். துடிப்பு ஒழுங்காக இல்லை, இப்படியே விட்டால் இதயத்துக்குள் ரத்தம் கட்டி, அந்தக் கட்டி மூளைக்குப் போய்ப் பக்கவாதம் வரும் என்று டாக்டரம்மா சொன்னார். துடிப்பு அடங்க ஒரு மாத்திரை, ரத்தம் கட்டாமல் இருக்க ஒரு மாத்திரை கொடுத்தார். "ஒருநாள்கூட விடக்கூடாதுங்க" என்று இரண்டு தடவை சொல்லி அனுப்பினார்.

விஷயம் ஊருக்குத் தெரிந்தது. அவ்வளவுதான், ஆளுக்கு ஆள் வைத்தியர் ஆகிவிட்டார்கள். மருதம்பட்டைக் கசாயம் என்றார் ஒருவர். பச்சைப் பூண்டு, செம்பருத்தி, பீட்ரூட் சாறு என்று வாசலில் செருப்பைக் கழற்றுவதற்குள் ஆரம்பிப்பார்கள். நான் யாரையும் விரட்டவில்லை. கசாயத்தை நானேதான் காய்ச்சிக் கொடுத்தேன். ஆனால் பெரியநாயகி அண்ணி ஓசூரில் ஏதோ கூட்டத்துக்குப் போய், இதயத்துக்கென்று ஒரு பொடியும் பூண்டு எண்ணெய் மாத்திரையும் வாங்கி வந்தார். டப்பாவில் இலைப் படம் போட்டிருந்தது. இதை அந்த மாத்திரைகளோடு சேர்த்துச் சாப்பிடலாமா என்று டாக்டரம்மாவைக் கேட்டுவிடலாம் என்றேன்.

"அவங்க வேணாம்னுதான் சொல்லுவாங்க. அவங்க பொழப்பு அது" என்றார் அண்ணி. பிறகு என் முகத்தைப் பார்த்துக் கேட்டார். "ஏம்மா பிலோ, நீ மாத்திரைய நம்புறியா, ஆண்டவர நம்புறியா?"

இன்றைக்கும் அந்தக் கேள்வியை நினைத்தால் எனக்கு வயிறு எரிகிறது. சோறு தின்கிறவரைப் பார்த்து, சோற்றை நம்புகிறாயா ஆண்டவரை நம்புகிறாயா என்று யாராவது கேட்டிருக்கிறோமா? நான் பதில் சொல்வதற்குள் என் வீட்டுக்காரர் தலையைக் குனிந்துகொண்டார். அந்தக் கேள்வி அவருக்குள் போய் உட்கார்ந்துவிட்டது.

அடுத்து தவக்காலம் வந்தது. நெற்றியில் சாம்பல் பூசியதும் நாம் ஆளுக்கொன்றை ஒறுத்தல் என்று விடுவோம். கறியை விடுவோம், டீயை விடுவோம், சீரியலை விடுவோம். என் வீட்டுக்காரர் கறியையும் பீடியையும் விட்டார். நான் சந்தோஷப்பட்டேன். ஒரு வெள்ளிக்கிழமை மத்தியானம் துணி துவைக்க அவர் சட்டையை எடுத்தேன். பையில் மாத்திரை அட்டை. ஒன்றுகூடக் கிள்ளவில்லை. அத்தனையும் அப்படியே இருந்தது.

உறவுகளே, அந்த மனுஷன் தன் மாத்திரையை ஆண்டவருக்கு ஒறுத்தலாகக் கொடுத்திருந்தார்! பொடியை மட்டும் சாப்பிட்டுக்கொண்டு இருந்தார்.

"ஈஸ்டர் வரைக்கும்தான் பிலோ. ஆண்டவருக்கு வார்த்த குடுத்துட்டேன். அக்காவும் நல்லதுன்னுச்சு" என்றார்.

"ஏங்க, ஆண்டவரு கறியக் கேட்டாரு, பீடியக் கேட்டாரு. உங்க மாத்திரைய எப்பங்க கேட்டாரு?" என்று கத்தினேன். ஈரத்துணியைக் கல்லில் போட்டு அடித்தேன். காலைப் பிடித்துக் கெஞ்சினேன். அழுதேன். வார்த்தையை மீறினால் பாவம் என்று சொல்லிவிட்டார். அதற்குமேல் அவரை யாராலும் அசைக்க முடியாது.

அன்றைக்குச் சாயந்திரம் கோயிலில் சிலுவைப்பாதை ஜெபம். நான் முன்னாலேயே போய் முட்டி போட்டேன். பணிவாக ஜெபிக்கவில்லை. சண்டை போட்டேன். "உம்ம பேரச் சொல்லித்தானய்யா இந்த மனுஷன் சாகப் போறாரு, பாத்துக்கிட்டுச் சும்மா இருக்கீரே" என்று கேட்டேன். "எம்பேச்சு அவருக்கு ஏறல. இனி உம்ம பாடு. அவரு விழறதா இருந்தா அவங்கப்பா மாதிரி தனியா விழக்கூடாது. எங்கண்ணு முன்னால விழட்டும்." இவ்வளவுதான் என் ஜெபம். ஆமென்கூடச் சொல்லவில்லை. அவ்வளவு கோபம்.

சிலுவைப்பாதை தொடங்கியது. அவர் ஆண்கள் பக்கம் நின்றார். வழக்கமாக அந்த வேளையில் அவர் தனியாகத் தோட்டத்தில் தண்ணீர் பாய்ச்சிக்கொண்டு இருப்பார். அன்றைக்கு மட்டும் கரண்ட் இல்லாததால் கோயிலுக்கு வந்திருந்தார். பதினாலு ஸ்தலத்தில் பாதி தாண்டியிருப்போம். எல்லாரும் பதில் சொல்லும்போது அவர் குரல் மட்டும் குழறியது. திரும்பிப் பார்த்தேன். இடது கையிலிருந்து புத்தகம் நழுவியது. வாய் ஒரு பக்கம் இழுத்தது. அப்படியே சரிந்தார்.

என் கண் முன்னால்தான் விழுந்தார்.

வாசலில் தக்காளி ஏற்றிய குட்டி யானை வண்டி ஒன்று மண்டிக்குப் போகும் வழியில் நின்றிருந்தது. உங்களில் பலர்தான் பெட்டிகளை இறக்கிப் போட்டு அவரை ஏற்றினீர்கள். பாலக்கோட்டில் ஆம்புலன்சுக்கு மாற்றி தர்மபுரி போய்ச் சேர்ந்தோம். "எப்ப விழுந்தாரு, யாராவது பாத்தீங்களா?" என்பதுதான் டாக்டரம்மா கேட்ட முதல் கேள்வி. நான் பார்த்தேன் என்றேன். ஸ்கேன் எடுத்து, கட்டியைக் கரைக்கும் ஊசி போட்டார்கள்.

மறுநாள் அவர் என் பெயரைத் தெளிவாகச் சொன்னார். டாக்டரம்மா என்னை வெளியே அழைத்தார். "விழுந்த நேரம் தெரியலன்னா அந்த ஊசியப் போட்டிருக்க முடியாதுங்கம்மா. தனியா இருந்திருந்தா கஷ்டம்" என்றார். என் ஜெபத்தைப் பற்றி அவருக்கு ஒன்றும் தெரியாது. நான் அந்தச் சுவரிலேயே சாய்ந்து அழுதேன். கோபப்பட்டவள் கேட்டதையும் ஆண்டவர் காதில் வாங்கியிருக்கிறார்.

டப்பாவையும் பூண்டு மாத்திரையையும் காட்டினேன், கசாயத்தைப் பற்றியும் சொன்னேன். திட்டவில்லை. "மருதம்பட்டையோட எனக்குச் சண்டை இல்லைங்க. ஆனா இந்தப் பொடியில அதிமதுரம் இருக்கு, அதிகமானா துடிப்பையே கெடுக்கும். ரத்தம் கட்டாம இருக்கிற மாத்திரையோட பூண்டு மாத்திரையும் சேந்தா ரத்தக்கசிவு வரலாம். எதச் சாப்பிட்டாலும் எங்கிட்டச் சொல்லிட்டுச் சாப்பிடுங்க. மாத்திரைய மட்டும் நீங்களா நிறுத்தாதீங்க" என்றார்.

இப்போது எங்கள் வீட்டில் சாப்பாட்டு ஜெபம் முடிந்ததும் அவர் கையில் மாத்திரையை வைப்பேன். அதற்கும் சிலுவை போட்டு விழுங்குகிறார். இடது கை கொஞ்சம் மந்தம்தான். பெட்டி தூக்குவதில்லை. ஆனால் உயிரோடு என் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறார், பாருங்கள். ஆண்டவருக்கு நன்றி. கோபம் வந்தால் கோபத்தோடேயே அவரிடம் போங்கள். நல்ல வார்த்தை தேடிக்கொண்டு வாசலில் நிற்காதீர்கள்.

கடைசியாக ஒன்று. பெரியநாயகி அண்ணி, இங்கேதான் உட்கார்ந்திருக்கிறீர்கள். போன ஞாயிற்றுக்கிழமை கோயில் படியில் நீங்கள் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு நின்றதை நான் பார்த்தேன். ஒன்றுமில்லை என்றீர்கள். உங்கள் அப்பாவுக்கு இருந்தது, தம்பிக்கு இருக்கிறது. உங்களுக்கும் இருக்கலாம் என்று உங்களுக்கே தெரியும். அந்தப் பயத்தில்தான் அந்த டப்பாவைக் கட்டிப்பிடித்துக்கொண்டு இருக்கிறீர்கள் என்று எனக்கு இப்போதுதான் புரிகிறது. உங்கள் மேல் எனக்கு இன்னும் கோபம் போகவில்லை. ஆனால் திங்கட்கிழமை காலை தர்மபுரி பஸ்ஸில் எனக்குப் பக்கத்தில் உங்களுக்கு ஒரு சீட் பிடித்து வைப்பேன். டப்பாவையும் எடுத்துக்கொண்டு வாருங்கள். இந்தத் தடவை நான் ஆண்டவரிடம் என் கண் முன்னால் விழட்டும் என்று கேட்கவில்லை அண்ணி. விழவே கூடாது என்று கேட்டிருக்கிறேன்.